எஸ்டிமேட் என் பையில் இருந்தது

ஒரு காரின் கோளாறு தெரிந்திருந்தும் அதை மறைத்து, என்னை அண்ணே என்று கூப்பிட்ட ஒருவரிடம் விற்றேன். விவரம் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை. இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டியில் வேலை பார்க்கிறேன். தேறாத பாகத்துக்குச் சிவப்பு டேக் மாட்டி ஒதுக்கி வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கீறல் விழுந்த பாகத்தைக் கண்டும் காணாமல் லைனில் அனுப்பிய பையனுக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். அந்தக் கையால்தான் இதையும் செய்தேன்.

வண்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குற்றம் வண்டியுடையது அல்ல.

டர்போ பெட்ரோல் எஞ்சின், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், வெளிநாட்டுக் கம்பெனியின் வேகமான மாடல். ஷோரூம் விலை 28 லட்சம். அப்போது 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் லைஃப் டாக்ஸ் 15 சதவீதம். அது மட்டுமே நாலு லட்சத்தைத் தாண்டியது. (2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம்.) இன்ஷூரன்ஸும் சேர்ந்து ஆன்ரோடு விலை 34 லட்சத்தை நெருங்கியது. அதில் 25 லட்சம் ஏழு வருஷக் கடன். வரியும் இன்ஷூரன்ஸும் வண்டியை வெளியே எடுத்த அன்றே போன பணம். நாளைக்கு வாங்குகிறவர் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டேன் என்றால், வேகத்தின் மேல் எனக்கு ஆசை. இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த மெட்ராஸ் மோட்டார் ரேஸ் ட்ராக் இருக்கிறது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். பந்தய நாட்களில் அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எனக்கு வேலை ஓடாது. என் வண்டியையும் அங்கே ஓட்டினேன். இன்னும் வேகம் வேண்டும் என்று, எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றும் ரிமேப் போட்டேன். ட்ராக்கில் ஓட்டுவது தப்பில்லை, அதற்கென்றே இருக்கிற இடம் அது. ஓட்டியதைச் சொல்லாமல் விற்றதுதான் தப்பு.

வேகமான கார்களின் விலை ஏன் இப்படிச் சரிகிறது என்பதை என் சொந்த நஷ்டத்தில்தான் படித்தேன். படித்ததை வைத்துத்தான் இன்னொருவரை ஏமாற்றினேன். அதனால் அந்தப் பாடத்தை இங்கே முழுதாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் சர்வீஸ் விஷயம். எங்கள் பக்கத்து ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இல் திறந்தது. அதே நிசான், 2016 டிசம்பரில் ஜிடி–ஆர் காரை இந்தியாவில் 1.99 கோடிக்கு அறிமுகப்படுத்தியது. 570 குதிரைத்திறன். ஆனால் அது ஒரகடத்தில் செய்தது அல்ல, ஜப்பானிலிருந்து முழு வண்டியாக வந்தது. அன்று 40,000 டாலரைத் தாண்டிய இறக்குமதிக் காருக்குச் சுங்க வரி 100 சதவீதம். அதற்கென்று தனிச் சர்வீஸ் மையம் நொய்டாவில் வைத்தார்கள். ஒரகடம் ஆலை வாசலில் குடியிருப்பவர் அந்தக் காரை வாங்கியிருந்தாலும் அதற்கான சர்வீஸ் மையம் வட இந்தியாவில்தான் இருந்தது. இரண்டாவதாக வாங்க வருகிறவர் இதைத்தான் முதலில் கேட்பார். கேட்டதும் பாதிப் பேர் விலகுவார்கள். வாங்க ஆள் குறைந்தால் விலை நிற்காது.

கம்பெனியே விலையைக் குறைப்பதும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் 2016-இல் போலோ ஜிடிஐ காரை 99 வண்டிகள் மட்டும் என்று அறிவித்து இறக்குமதி செய்தது. விலை 25 லட்சத்துக்கு மேல். மூன்று கதவு, 1.8 லிட்டர் டர்போ, 192 குதிரைத்திறன். எதிர்பார்த்தபடி விற்கவில்லை. அடுத்த ஆண்டே விலை 19.99 லட்சமாக இறங்கியது. ஷோரூமில் புது வண்டியே 20 லட்சத்துக்குக் கிடைக்கும்போது, முந்தின வருஷம் வாங்கியவரின் வண்டிக்கு அதைவிடக் குறைவாகத்தானே கேட்பார்கள்? அவர் வண்டியைத் தொடக்கூட இல்லை, ஐந்து லட்சத்துக்கு மேல் போயிற்று.

இன்னொன்று, வேகம் மலிவாகிக்கொண்டே வருகிறது. அந்த ஜிடிஐ நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட 7.2 வினாடி எடுத்தது. செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திராவின் ஆராய்ச்சி மையத்தில் உருவாகி 2024 நவம்பரில் வந்த பிஇ 6 மின்சாரக் கார், பெரிய பேட்டரி மாடலில், அதே வேகத்தை 6.7 வினாடியில் எட்டுகிறது. அது குடும்பத்தோடு ஊருக்குப் போகிற வண்டி. வேகத்துக்காக மட்டும் ஒரு காருக்குக் கொடுத்த கூடுதல் பணம், இப்படி ஒரு புது வண்டி வரும்போதெல்லாம் கரைகிறது. மெக்லாரன் கம்பெனி 2011-இல் கொண்டுவந்த 12சி காரை மூன்றே வருஷத்தில் நிறுத்தி, 650எஸ் என்று அதைவிடச் சக்தி கூடிய காரை இறக்கியது. 12சி வாங்கியவர்களுக்கு அந்தக் கம்பெனியே போட்டியாக வந்து நின்றது. அதே உலகத்தில் போர்ஷே 911 அறுபது வருஷமாகக் கிட்டத்தட்ட ஒரே உருவத்தில் வருகிறது. பழைய 911 பழசாகத் தெரிவதில்லை, அதன் விலையும் அப்படிச் சரிவதில்லை.

இவையெல்லாம் உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால் இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் காரணம் ஒன்றுதான். காரின் விலை இறங்கும். அதைப் பராமரிக்கும் செலவு இறங்காது. 28 லட்சம் ரூபாய் வண்டி 9 லட்சத்துக்கு வந்துவிட்டது என்பதற்காக அதன் பிரேக் டிஸ்க் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வராது. டயரும் கியர்பாக்ஸும் அப்படியே. 9 லட்சம் ரூபாய் பட்ஜெட்டில் வாங்குகிறவர் 28 லட்சம் ரூபாய் வண்டியின் பில்லைக் கட்ட வேண்டும். வியாபாரம் தெரிந்தவர்கள் இந்தப் பில்லை முன்கூட்டியே கழித்துக்கொண்டுதான் விலை சொல்கிறார்கள். நாம் 'தேய்மானம்' என்று சொல்வதில் பெரும்பகுதி, இனி வரப்போகிற செலவு.

இதற்கு மறுபக்கமும் நம் ஊரிலேயே இருக்கிறது. 2021-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்த ஐ20 என் லைன், 120 குதிரைத்திறன் கொண்ட சுறுசுறுப்பான வண்டி. அதன் எஞ்சினை அதே கம்பெனியின் வென்யூவிலும் பார்க்கலாம். பாகம் எங்கும் கிடைக்கும், ஊர் ஊருக்கு மெக்கானிக் உண்டு. ஸ்கோடா 2020-இல் 200 மட்டும் கொண்டுவந்த ஆக்டேவியா ஆர்எஸ் 245 இறக்குமதிதான். ஆனாலும் குடும்பம் உட்கார இடம், பெரிய டிக்கி, சாதாரண ஆக்டேவியாவைப் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகள். தேடி வாங்க ஆள் இருந்தது. வேகமாக ஓடுவதால் மட்டும் ஒரு கார் விலை இழப்பதில்லை. இரண்டாவது ஆளால் அதை வைத்துக் காப்பாற்ற முடியாதபோதுதான் இழக்கிறது.

என் வண்டி அந்த வகை. கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் டிரெய்லர்களும் அடைத்து நிற்கும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோவில் சாலையில், ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஊர்ந்து போகும்போது, அந்த மாதிரி கியர்பாக்ஸில் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி நழுவியும் தேய்ந்து சூடேறும். நாலு வருஷம் தாண்டியதும் கியர் மாறும்போது உதறல் வந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, கியரை இயக்கும் எலெக்ட்ரானிக் யூனிட்டையும் கிளட்ச்சையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். 3 லட்சத்து 80 ஆயிரம். வாரண்டி முடிந்திருந்தது.

விற்றுவிடலாம் என்று புரோக்கர்களிடம் காட்டினேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு 9 லட்சம் என்றார்கள். கடன் பாக்கி 11 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வண்டியைக் கொடுத்துவிட்டு மேற்கொண்டு கையிலிருந்து பணம் கட்டினால்தான், கடன் கொடுத்தவர் வண்டி மேல் வைத்திருக்கும் ஹைப்போதிகேஷன் நீங்கும். அந்த நஷ்டம் என்னுடையது. நான் ஆசைப்பட்டு வாங்கியதற்கான விலை. அதை நான் ஏற்றிருக்க வேண்டும்.

பக்கத்துக் கம்பெனியில் லைன் லீடராக இருந்த ஒரு தம்பி அந்த வண்டியை நெடுநாளாக ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குடும்பத்து நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது. அந்த இழப்பீட்டில் மிச்சமிருந்த பணம் அப்பா பெயரில் வங்கியில் இருந்தது. நான் மெக்கானிக் ஒருவரிடம் சொல்லி எச்சரிக்கை விளக்கை அழித்தேன். ரிமேப்பை எடுத்துவிட்டுக் கம்பெனி மேப்பை ஏற்றினேன். ஓட்டிப் பார்க்க ஞாயிறு காலையில் வரச் சொன்னேன். சாலை காலியாக இருக்கும், கியர்பாக்ஸ் ஆறியிருக்கும், சூடேறாமல் உதறல் வராது என்று எனக்குத் தெரியும்.

"அண்ணே, இன்னும் விலை இறங்குமா?" என்று கேட்டார்.

"இறங்க வேண்டியதெல்லாம் இறங்கிடுச்சு தம்பி. என் கையில இறங்கினதுதான். இனிமே நீங்க ஓட்டுறதெல்லாம் லாபம்" என்றேன்.

பிறகு இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துக் காட்டினேன். அதில் ஐ.டி.வி. 14 லட்சம் என்று இருந்தது. "கம்பெனியே 14 போட்டிருக்கான், உங்களுக்கு 13" என்றேன். இந்தத் தந்திரம் பலருக்கும் தெரியாது, அதனால் விளக்குகிறேன். ஐ.டி.வி. என்பது வண்டி திருடுபோனாலோ முழுதாக அழிந்தாலோ கிடைக்கும் தொகைக்கான கணக்கு. ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கு ஏற்ப ஒரே அட்டவணைப்படி கழிப்பார்கள். ஒரு வருஷம் தாண்டினால் 20 சதவீதம், இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நாலு தாண்டினால் 50. ஆல்ட்டோவுக்கும் அதே அட்டவணை, என் வண்டிக்கும் அதே அட்டவணை. சந்தையில் ஒரு வண்டி என்ன விலைக்குப் போகும் என்பதை அந்தத் தாள் சொல்லாது. அவர் அதை அரசாங்க மதிப்பு என்று நினைத்தார். நான் திருத்தவில்லை. அப்போது சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட் என் ஆபீஸ் பையில் இருந்தது.

மழைக்காலம் வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. எஸ்டிமேட் நாலு லட்சத்தைத் தாண்டியது. கட்ட முடியாமல் தார்ப்பாய் போட்டு வீட்டு வாசலில் நிறுத்தினார், கடைசியில் வெளியூர் வியாபாரி ஒருவருக்கு 6 லட்சத்துக்குத் தள்ளிவிட்டார். என் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. டீக்கடையில் பார்த்தபோது, "வண்டியை வச்சிக்க எனக்குத்தாண்ணே விவரம் பத்தல" என்றார். நான் செய்த தப்பை அவர் தன் மேல் போட்டுக்கொண்டார். அதைக் கேட்டுக்கொண்டு நான் டீ குடித்தேன். விற்றதைவிட அதைத்தான் பெரிய கீழ்மையாக நினைக்கிறேன். அன்றே வாயைத் திறந்திருக்கலாம். அதற்கும் பல மாதம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவர் வீட்டுக்குப் போய் அப்பாவையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கை அழித்தது, ரிமேப், ஞாயிறு காலை, பையில் இருந்த தாள். தம்பி ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அப்பாதான் பேசினார். "நிலத்தைக் கொடுத்தப்பவும் எங்களுக்கு விலை தெரியல. இதுலயும் தெரியல. தெரிஞ்ச நீங்க சொல்லியிருக்கணும்." அவர் குரல் உயரவில்லை. எனக்குப் பதில் இல்லை, இன்றும் இல்லை.

9 லட்சம் பெறும் வண்டிக்கு 13 வாங்கினேன். அந்த 4 லட்சம் அவர்களுடையது. பாதியைக் கொடுத்துவிட்டேன், மீதியை மாதாமாதம் அனுப்புகிறேன். வண்டியை விற்றதில் அவர்கள் மேற்கொண்டு இழந்ததற்கு நான் இன்னும் ஈடு செய்யவில்லை. தம்பி என்னோடு பேசுவதில்லை.

இந்தப் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் பலருக்கு வேகமான செகண்ட்ஸ் கார் மேல் ஆசை உண்டு. ஆசைப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். விலை பாதிக்குக் கீழே வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், ஏன் வந்தது என்று கேளுங்கள். அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே வண்டியைக் கொண்டுபோய், பழைய சர்வீஸ் விவரம் முழுவதையும் எடுங்கள். கிளட்ச், பிரேக், டயர் மாற்ற என்ன ஆகும் என்று எழுதி வாங்குங்கள். நெரிசல் நேரத்தில், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஓட்டிப் பாருங்கள். இதற்கெல்லாம் விற்பவர் தயங்கினால், அவர் எவ்வளவு பழகியவராக இருந்தாலும் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.