மேஷோமோஷாய் டிவி வாங்கின கதை

கொல்கத்தாவில் உலகக் கோப்பை கால்பந்து நடக்கிற சமயத்தில் டிவி வாங்கப் போகிறதும், நம்மூரில் அட்சய திருதியை அன்னிக்கு நகைக்கடைக்குள்ளே நுழைகிறதும் ஒண்ணுதான். வாங்குகிறவர் ஒருத்தர்னா யோசனை சொல்ல வந்தவங்க நாலு பேர். கடைக்காரர் முகத்தைப் பார்த்துப் பேசவே மாட்டார். அவர் பின்னாடி பத்து டிவியில் ஏதோ மேட்ச் ஓடிக்கிட்டிருக்கும், அவர் கண்ணு அங்கே இருக்கும்.

நான் சொல்லப்போறது 2022 கத்தார் உலகக் கோப்பை சமயம். லேக் மார்க்கெட் பக்கம் ஜாகை. வாழையிலை, முருங்கைக்காய், காபிப்பொடி எல்லாம் நடந்து போய் வாங்குகிற தூரத்தில் கிடைக்கிற பேட்டை. பல தலைமுறைக்கு முன்னாடி வந்து இறங்கின தமிழ்க்காரங்க புண்ணியம். ஆனா உலகக் கோப்பை வந்துட்டா லேக் மார்க்கெட்டும் பெங்காலி ஆயிடும். தெருவுக்குக் குறுக்கே ஒரு பக்கம் வெள்ளையும் நீலமும், எதிர்ப்பக்கம் மஞ்சளும் பச்சையும். நடுநிலைன்னு யாரும் கிடையாது. "இந்தியா ஆடலையே?"ன்னு கேட்டீங்கன்னா உங்களை ஒரு மாதிரி பார்ப்பாங்க.

எங்க வீட்டுக்காரங்க கீழ்த்தளம், நாங்க முதல் மாடி. அவரை நாங்க கூப்பிடறது மேஷோமோஷாய், அந்த அம்மா மாஷிமா. நம்ம சித்தப்பா, சித்தி மாதிரின்னு வச்சுக்குங்க. அவருக்கு அப்போ எழுபத்தொன்பது வயசு. துறைமுகத்தில் கணக்கு வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பக்கா பிரேசில். காரணம் ரொம்ப சிம்பிள். 1977 செப்டம்பர் 24-ஆம் தேதி ஈடன் கார்டன்ஸில் நியூயார்க் காஸ்மாஸ் அணிக்காகப் பீலே வந்து மோகன் பகானோடு ஆடினாரில்லையா, அன்னிக்கு மழையில் நனைஞ்சுக்கிட்டு காலரியில் உட்கார்ந்திருந்தவர். ஆட்டம் 2-2 டிரா. பீலே அன்னிக்குப் பெரிசா ஒண்ணும் ஆடலைன்னு அவரே ஒத்துப்பார். "ஆனா நடந்தார்டா. நடக்கிறதைப் பார்த்தேன்"னு சொல்லுவார். மாஷிமா அர்ஜென்டினா. அது 1986-ல் மரடோனாவை டிவியில் பார்த்ததில் வந்த வினை. கொல்கத்தாவில் பல வீட்டில் இந்தப் பிளவு உண்டு.

அவங்க வீட்டு டிவி 21 இன்ச் ட்யூப். 2002 உலகக் கோப்பைக்கு வாங்கினது. அந்த வருஷம் ஜூன் 30-ஆம் தேதி ஜெர்மனியை 2-0 ஜெயிச்சு பிரேசில் கோப்பையைத் தூக்கினது அந்தப் பொட்டியில்தான். அதனால அது ராசியான பொட்டி. மேலே லேஸ் துணி, அதுக்கு மேலே பொம்மை, சகல மரியாதையும் உண்டு. 2022 நவம்பர் 22 மத்தியானம் சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 தோற்கடிச்சதே, அந்த ஆட்டம் முடியறதுக்குள்ளே 'டப்'புனு ஒரு சத்தம், கருகின வாசனை, அவ்வளவுதான். "வெட்கத்தில் உயிரை விட்டுடுச்சு"ன்னு மேஷோமோஷாய் சிரிக்க, மாஷிமா அன்னிக்கு ராத்திரி அவருக்கு ரொட்டி போட்டாங்களான்னு தெரியலை. மெக்கானிக் வந்து பார்த்துட்டு, இதுக்குப் பார்ட்ஸ் கிடைக்கிற காலமெல்லாம் போச்சுன்னு கையை விரிச்சுட்டார்.

இந்தியக் கணக்கில் 25-ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டரைக்கு பிரேசில்-செர்பியா. மனுஷர் முழங்கால் வலியோடு மாடி ஏறி எங்க வீட்டுக்கு வந்துட்டார். மங்கி கேப் போட்டுக்கிட்டு. (நவம்பர்ல கொல்கத்தாவில் அப்படி ஒண்ணும் குளிராது. ஆனா கேப் கட்டாயம்.) எங்க டிவி 32 இன்ச், சோபா எட்டடி தள்ளி. ரிச்சார்லிசன் அந்தரத்தில் திரும்பி ஒரு கோல் போட்டானே, நானும் பையனும் குதிச்சிட்டோம். மேஷோமோஷாய் ஒரு நொடி கழிச்சுக் கைதட்டினார். அப்புறம் பையன் பக்கம் குனிஞ்சு மெதுவா, "யார் போட்டது? எந்தப் பக்கம் போச்சு?"ன்னு கேட்டார்.

தங்கமணி என்னைப் பார்த்தாங்க. நான் தங்கமணியைப் பார்த்தேன்.

மறுநாள் மாஷிமாதான் சொன்னாங்க. ரெண்டு வருஷமாவே அப்படித்தானாம். விழித்திரையோட நடுப்பகுதி தேய்கிற வியாதி, வயசானவங்களுக்கு வருவது. ஓரப் பார்வை இருக்கும், எதை நேரே பார்க்கிறோமோ அது மட்டும் கலங்கிடும். கண்ணுக்குள்ளே ஊசி போட்டுக்கிட்டிருக்கார். மேலும் மோசமாகாமல் நிறுத்திப் பார்க்கிறாங்களே தவிர, போனது திரும்பறது கஷ்டம். அடுத்த உலகக் கோப்பை 2026-ல். "அது வரைக்கும் இவர் இருந்தாலும் கண்ணு இருக்குமோ என்னவோ"ன்னாங்க மாஷிமா. பட்டாணி உரிச்சுக்கிட்டே சொன்னாங்க.

நியூஜெர்சியில் இருக்கிற பிள்ளை வீடியோ காலில் வந்தார். "அப்பா, நீங்க எதுக்கு அலையறீங்க, நான் ஆன்லைன்ல 65 இன்ச் ஆர்டர் பண்ணிடறேன், நாளைக்கே வந்து மாட்டிடுவாங்க"ன்னார். அன்பான, கொஞ்சம் அவசரமான, மீட்டிங்குக்கு நடுவிலே பேசுகிற குரல். எனக்கு ரொம்பப் பழக்கமான குரல்தான், அம்பாசமுத்திரத்துக்கு நான் பேசறது அப்படித்தான் இருக்கும். மேஷோமோஷாய் போனை மாஷிமா கையில் கொடுத்துட்டு என்னிடம் சொன்னார்: "என் பென்ஷன், என் டிவி, என் கண்ணு. நான் பார்த்துத்தான் வாங்குவேன். நீ வா."

முதலில் ஒரு டேப் எடுத்துக்கிட்டுப் போய் அறையை அளந்தேன். அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நாலடி இடம். 65 இன்ச்சுங்கிறது மூலைக்கு மூலை அளவு, அகலம் மட்டும் கிட்டத்தட்ட நாலே முக்கால் அடி வரும். ஆக, பிள்ளையோட 65 அங்கேயே அவுட். அதுக்காக 32 போதும்னு நினைக்கிறதும் தப்பு. பழைய 21 இன்ச் ட்யூப் சதுரமான ஜாதி, உயரம் பன்னிரண்டரை இன்ச் இருக்கும். இப்போ வர்ற அகலப் பொட்டியில் 32 வாங்கினா உயரம் பதினைஞ்சரைதான், ஆளுங்க அப்படி ஒண்ணும் பெரிசாயிட மாட்டாங்க. 43 வாங்கினா இருபத்தொண்ணு. வரியிலும் ஒரு வித்தியாசம் இருந்தது. அப்போ 32 இன்ச் வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுக்கு மேலே போனா 28. (2025 செப்டம்பர் 22-லேர்ந்து எல்லா சைஸுக்கும் 18-தான்.)

இன்னொரு விஷயம், பெரிசா வாங்க வசதியில்லாதவங்களுக்கு. 65 இன்ச்சை ஆறடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறதும், 43 இன்ச்சை நாலடியில் பார்க்கிறதும் கண்ணுக்கு ஒரே அளவுதான். பணம் செலவழிக்கிறதுக்குப் பதிலா நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டா ஆச்சு. கிட்ட உட்கார்ந்தா கண்ணு கெட்டுடும்னு நம்ம அம்மாக்கள் சொன்னது இந்த வியாதிக்குப் பொருந்தாது. கிட்ட உட்காருங்கன்னு கண் டாக்டரே அவருக்குச் சொல்லியிருந்தார்.

26-ஆம் தேதி சனிக்கிழமை. காளிகாட்டில் மெட்ரோ ஏறி சாந்தினி சௌக். கடைக்குள்ளே கால் வைக்க இடமில்லை. எல்லாப் பொட்டியிலும் கிளி, அருவி, தேன் சொட்டுகிற படம். இதை நம்பி டிவி வாங்கவே கூடாதுங்க. அதெல்லாம் கடையோட டியூப்லைட் வெளிச்சத்தையும் மீறிப் பளிச்சுனு தெரியணும்னே எடுத்த படம், கலரும் வெளிச்சமும் உச்சத்தில் வச்சிருப்பாங்க. வீட்டில் அப்படியே வச்சுக்கிட்டா புல்தரை கிளிப்பச்சையாயிடும், அதில் பந்து எங்கேன்னு நல்ல கண்ணுக்கே தெரியாது.

"கிளி வேண்டாம், ஃபுட்பால் போடுங்க"ன்னேன். விற்பனைப் பையனுக்கு அதைவிட சந்தோஷம் வேறென்ன! முந்தின நாள் ஹைலைட்ஸ் போட்டான். மேஷோமோஷாய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து நாலடியில் போட்டுக்கிட்டு உட்கார்ந்தார். முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி வச்சுக்கிட்டார். ஓரக்கண்ணால் பார்க்கப் பழகியிருக்கார். அந்தப் பையன், "தாது, நேரா பாருங்க"ன்னான். "நேரா பார்த்தா உன்னையே தெரியலை, நல்லவேளை"ன்னார் இவர்.

முதல் பொட்டி சரிவரலை. ரெண்டாவதில் பந்து வேகமாப் போகிறப்போ பின்னாடியே ஒரு வால் நீண்டது. அசைவை வழவழப்பாக்கறேன்னு டிவியே நடுவில் இல்லாத படத்தையெல்லாம் தயாரிச்சுச் சொருகற வேலை அது. ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு ஒரு பேர் வச்சிருக்கு. செட்டிங்ஸில் தேடிப் பிடிச்சுக் குறைக்கச் சொன்னேன், கலரையும் இறக்கச் சொன்னேன். பேனலிலும் ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணில் கறுப்பு நல்ல கறுப்பா இருக்கும், பக்கவாட்டிலேர்ந்து பார்த்தா வெளுத்துப் போகும். இன்னொண்ணில் கறுப்பு சுமார், ஆனா எந்தப் பக்கத்திலேர்ந்தும் ஒரே மாதிரி தெரியும். மாஷிமா கட்டிலில் சாய்ஞ்சு ஓரமாப் பார்க்கிறவங்க. அதனால ரெண்டாவது ஜாதி. அட்டைப்பெட்டியில் 4கேன்னு எவ்வளவு பெரிசா எழுதியிருந்தாலும் அதைப் பற்றி நான் கவலைப்படலை. அவர் பார்க்கப் போறது ஒரு வெள்ளைப் புள்ளியை.

மூணாவது பொட்டி. அஞ்சு நிமிஷம் பேச்சே இல்லை. பின்னாடி க்யூவில் நின்ன ஒருத்தர் முணுமுணுக்க ஆரம்பிச்சார். திடீர்னு மேஷோமோஷாய் விரலை நீட்டி, இடமிருந்து வலமா, கூடவே நகர்த்தினார். பந்து போகிற வழியில் விரல் போச்சு. "தேக்தே பாச்சி"ன்னார். தெரியுதுன்னு அர்த்தம். முணுமுணுத்தவர் வாயை மூடிக்கிட்டார்.

முப்பதாயிரத்துச் சொச்சம். பேங்க்லேர்ந்து எடுத்துட்டு வந்த நோட்டைத் தானே எண்ணிக் கொடுத்தார். கணக்கர் கையாச்சே, எண்ண கண்ணு வேண்டியிருக்கலை. பழசை எக்சேஞ்சில் கொடுத்தா ஆயிரத்து ஐநூறு கழிக்கிறோம்னாங்க. பிரேசில் ஜெயிச்ச பொட்டியை அவர் கொடுக்கலை. அது இப்பவும் கட்டிலுக்கடியில் இருக்கு.

திங்கட்கிழமை பொட்டி வந்து மாட்டியாச்சு. ராத்திரி ஒன்பதரைக்கு சுவிட்சர்லாந்தோட ஆட்டம். இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒரு சிக்கல். அவருக்கு பெங்காலி வர்ணனை வேணும். ரேடியோவில் அஜய் பாசு வர்ணனை கேட்டு வளர்ந்த தலைமுறை, பாதி ஆட்டத்தைக் காதாலேயே பார்க்கிறவர். பெங்காலி வர்ணனை வந்தது இன்டர்நெட் ஸ்ட்ரீமிங்கில். அது கேபிளைவிட அரை நிமிஷம் போலப் பின்தங்கி வரும். பாரா முழுக்கக் கேபிள் வேற. அங்கே கோல் விழுந்து தெருவே கத்தி முடிச்ச பிறகு இங்கே பந்து மைதானத்தோட நடுவில் கிடக்கும். ஆட்டத்தோட உயிரே போயிடுமேன்னு நான் கேபிளுக்கு மாத்தப் போனேன்.

"விடு, இதுதான் எனக்கு வேணும்"னார்.

முதலில் எனக்குப் புரியலை. எண்பத்து மூணாவது நிமிஷம் தெருவில் ஓன்னு சத்தம். மேஷோமோஷாய் நாற்காலியை ஒரு அடி முன்னாடி நகர்த்தினார். கண்ணாடியைத் துடைச்சார். முகத்தை இடது பக்கம் திருப்பிக்கிட்டுத் தயாரா உட்கார்ந்தார். அப்புறம்தான் காஸெமிரோ அடிச்சான், இவர் அதை முழுசாப் பார்த்தார். தொண்ணூறு நிமிஷமும் கண்ணைக் குவிச்சுக்கிட்டிருந்தா அவருக்குத் தலைவலி வந்துடும். இப்போ எப்போ பார்க்கணும்னு தெருவே அவருக்குச் சொல்லிடுது. அதுக்கு முன்னாடி வினீசியஸ் போட்ட கோலை ஆஃப்சைடுன்னு ரத்து பண்ணினதுக்கும் தெரு கத்தினது, அதுக்கும் இவர் நாற்காலியை நகர்த்தினார். அது போனாப் போகுது.

டிசம்பர் 9-ல் இந்த ஏற்பாடு காலை வாரிவிட்டுடுச்சு. கால் இறுதி, குரோஷியா. கூடுதல் நேரத்தில் நெய்மார் கோல் போட்டப்போ வந்த சத்தம் எங்களுக்குத் தெரிஞ்ச சத்தம். 117-ஆவது நிமிஷம் இன்னொரு சத்தம் வந்தது, ஆனா எதிர்ப்பக்கத்து வீடுகளிலேர்ந்து. நீலவெள்ளைக் கொடி கட்டின பக்கம். மேஷோமோஷாய் நாற்காலியை நகர்த்தலை. பெனால்டியில் 4-2-ன்னு பிரேசில் வெளியே போனதை அவர் பார்க்கவே இல்லை, கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். மாஷிமா வாயைத் திறக்கலை, எழுந்து போய் டீ போட்டுக்கிட்டு வந்தாங்க.

இறுதி ஆட்டத்துக்கு நாங்க எல்லாரும் கீழேதான். பையன் பத்தாம் நம்பர் ஜெர்சியில் கட்டில் மேலே மாஷிமா பக்கத்தில். 3-3 முடிஞ்சு பெனால்டி. மோன்டியல் பந்தை வைக்கிறப்பவே வெளியே பட்டாசு வெடிக்க ஆரம்பிச்சுடுச்சு. அவன் உதைக்கிறதுக்கு முன்னாடியே மாஷிமா அழுதுட்டாங்க. மேஷோமோஷாய் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த உதையைக் கடைசி வரைக்கும் பார்த்தார். அப்புறம் திரும்பி, "உன் ஆளு நல்லாத்தான் ஆடினான்"னார். அவர் வாயிலேர்ந்து மெஸ்ஸிக்கு அவ்வளவு வந்ததே பெரிசு.

பதினோரு நாள் கழிச்சு, டிசம்பர் 29-ஆம் தேதி பீலே போயிட்டார். இங்கே சேதி பரவுகிறப்போ நடுராத்திரி. காலையில் ஆபீஸ் கிளம்புகிறப்போ கீழே டிவி சத்தம் கேட்டது, எட்டிப் பார்த்தேன். மங்கி கேப், நாற்காலி மூணடியில். 1958-லேர்ந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் ஓடிக்கிட்டிருந்தது. பழைய படமில்லையா, ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு நடுவில் சதுரமா வந்தது. பாவம், இவருக்குப் பெரிசாத் தெரியட்டுமேன்னு ரிமோட்டை எடுத்துப் படத்தை இழுத்து, திரை முழுக்க ஆக்கினேன்.

"ஏய், பீலேயைக் குண்டாக்காதே"ன்னார்.

மறுபடி சதுரமாக்கி ரிமோட்டை அவர் கையில் கொடுத்துட்டுக் கிளம்பினேன்.