மேலே வரக் காத்திருப்பவர்கள்

பிட்ஸ்பர்க் நகரை நான் நேரில் பார்த்ததில்லை. அது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அந்நகரின் பைரேட்ஸ் என்னும் பேஸ்பால் அணியை நான் 2008ஆம் ஆண்டு முதல் பின்தொடர்ந்து வருகிறேன். ஆனால், காலையில் நான் முதலில் தேடிப் படிப்பது அந்த அணியின் ஆட்ட முடிவை அல்ல. என்றாவது ஒருநாள் அந்த அணிக்கு வரக்கூடும் என்று எதிர்பார்க்கப்படும் இளைஞர்கள் முந்திய நாள் எப்படி ஆடினார்கள் என்பதையே முதலில் பார்ப்பேன்.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்க பேஸ்பாலின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் நாம் காணும் பெரிய அணிகள் முப்பது. அவை ஆடுவது மேஜர் லீக். ஒவ்வொரு பெரிய அணியின் கீழும் படிப்படியாகப் பல சிறிய அணிகள் உண்டு. அவை ஆடுவது மைனர் லீக். பைரேட்ஸ் அணியின் ஏணியை எடுத்துக்கொள்வோம். ஃபுளோரிடாவின் பிரேடன்டன் நகரில் அது தொடங்குகிறது. அடுத்த படி கிரீன்ஸ்போரோ. அதற்கு மேல் அல்டூனா. கடைசிப் படி இண்டியானாபொலிஸ். அதையும் தாண்டினால்தான் பிட்ஸ்பர்க்.

உயர்நிலைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சிறப்பாக ஆடும் அமெரிக்க மாணவர்களை அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். முந்திய ஆண்டில் தோற்றுத் தடுமாறிய அணிகளுக்கு முன்னுரிமை கிடைக்கும். 2011ஆம் ஆண்டு வரை இந்தத் தேர்வு 50 சுற்றுகள் நீண்டது. இப்போது 20 சுற்றுகள்தாம். தேர்வானவர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டால் ஒரு தொகை கிடைக்கும். பிறகு அவர் ஏணியின் கீழ்ப்படியில் ஏற வேண்டும். டொமினிக்கன் குடியரசு போன்ற நாடுகளின் இளைஞர்கள் இந்தத் தேர்வில் சேர மாட்டார்கள். அணிகள் அவர்களோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளும்.

நான் இதற்குள் நுழைந்தது இரண்டு இந்தியர்களால். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் ஈட்டி எறிபவர்கள். பேஸ்பால் என்ற ஆட்டத்தையே அறியாதவர்கள். 2008இல் இந்தியாவில், வேகமாகவும் குறிதவறாமலும் பந்தெறிபவரைத் தேடி ஒரு போட்டி நடத்தப்பட்டது. அதில் ரிங்கு முதலாவதாக வந்து 100,000 அமெரிக்க டாலர் பரிசு பெற்றார். தினேஷ் அவருக்கு அடுத்து வந்தார். இருவரையும் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று சில மாதங்கள் பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஒப்பந்தமான முதல் இந்தியர்கள் அவர்களே. பின்னாளில், 2014இல், இவர்கள் கதை திரைப்படமாக வந்தது. அதற்கு ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார்.

அப்போது நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். உயர்நிலைப் பள்ளியில் என் இணைப்பாட நடவடிக்கை மென்பந்து. எனவே, பேஸ்பால் விதிகள் எனக்கு அவ்வளவு புதியவை அல்ல. 2009 ஜூலை 4ஆம் தேதி, ஃபுளோரிடாவில் ஆடும் தொடக்கநிலை லீக்கில் இருவரும் முதன்முதலாகப் பந்தெறிந்தார்கள். அதே மாதம் 13ஆம் தேதி ரிங்கு தம் முதல் வெற்றியைப் பெற்றார். அந்த ஆட்டங்களை எந்தத் தொலைக்காட்சியும் காட்டவில்லை. கிடைத்தவை எண்கள் மட்டுமே. எத்தனை இன்னிங்ஸ், எத்தனை ஓட்டம், எத்தனை பேர் ஆட்டமிழந்தார்கள் என்று ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு வரி இருக்கும்.

கோடைக்காலத்தில் ஃபுளோரிடாவுக்கும் சிங்கப்பூருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணிநேர வேறுபாடு. அங்கு நண்பகல் என்றால் இங்கு நள்ளிரவு. நான் காலையில் எழுந்ததும் அந்த எண்களைத் தேடுவேன். துறைமுகத்தில் இரவுப் பணி முடித்து அப்பா வீடு திரும்பும் நேரமும் அதுவே. காலணியைக் கழற்றும்போதே கேட்பார்.

"என்னடா தம்பி, நம்ம பையன் இன்னிக்கு எறிஞ்சானா?"

"எறிஞ்சாருப்பா. ஒரு இன்னிங்ஸ். ஓட்டம் எதுவும் கொடுக்கல."

"பரவாயில்லையே!" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். அப்பாவுக்கு பேஸ்பால் தெரியாது. உத்தரப் பிரதேசத்துக்கும் எங்களுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும், ரிங்கு அவருக்கு 'நம்ம பையன்'தான்.

தினேஷை அணி 2010ஆம் ஆண்டின் இறுதியில் விடுவித்தது. அணியின் அறிவிப்புகளுக்கு நடுவே அதுவும் ஒரு வரியாக வந்தது. அன்று அப்பாவிடம் அதைச் சொன்னபோது அவர் குளிக்கப் போகவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இளமையில் அவர் ஒரு காற்பந்துக் குழுவின் இரண்டாம் அணியில் மூன்று பருவங்கள் ஆடியவர். முதல் அணிக்கு ஒருமுறைகூட அழைக்கப்படாதவர். அதைப் பற்றி வீட்டில் அதிகம் பேசியதில்லை. "எங்க காலத்துல இந்த ஒரு வரியும் கிடையாது" என்றார். "அடுத்த வருஷம் பலகையில பட்டியல் ஒட்டுவாங்க. அதுல பேர் இருக்காது. அவ்வளவுதான்."

2011ஆம் ஆண்டு நான் டிராஃப்டையும் கவனிக்கத் தொடங்கினேன். பைரேட்ஸ் அப்போது தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த அணி. 1993 முதல் 2012 வரை இருபது பருவங்கள், ஒன்றில்கூட வெற்றிகள் தோல்விகளைவிட அதிகமாக இருந்ததில்லை. அந்தத் தோல்விகளால் 2011இல் முதல் தேர்வு அவர்களுக்குக் கிடைத்தது. கெரிட் கோல் என்ற கல்லூரி மாணவரை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குக் கொடுத்த தொகை 8 மில்லியன் டாலர். இரண்டாம் சுற்றில் ஜோஷ் பெல் என்ற பள்ளி மாணவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தாம் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போவதால் தம்மை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று அணிகளுக்குக் கடிதம் எழுதியவர் அவர். இருந்தும் பைரேட்ஸ் 5 மில்லியன் டாலர் கொடுத்து அவரைச் சம்மதிக்க வைத்தது. முதல் சுற்றுக்கு வெளியே அதற்குமுன் யாருக்கும் கிடைக்காத தொகை அது.

இதே பைரேட்ஸ் அணி 2007இல் டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த ஸ்டார்லிங் மார்ட்டே என்ற இளைஞரை ஒப்பந்தம் செய்தபோது கொடுத்தது 85,000 டாலர். அந்த மார்ட்டே ஐந்து ஆண்டுகள் படிப்படியாக ஏறி, 2012 ஜூலை 26ஆம் தேதி மேஜர் லீக்கில் முதன்முதலாக மட்டை பிடித்தார். தமக்கு எறியப்பட்ட முதல் பந்தையே ஹோம் ரன்னாக அடித்தார்! பிறப்பிடம் மாறினால் ஒப்பந்தத் தொகை இவ்வளவு மாறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

2012ஆம் ஆண்டு வசந்த காலத்தில் எனக்குப் பிடித்த ஒரு பெயர்ப்பட்டியல் வந்தது. வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்தில் ஆடிய கீழ்நிலை அணி ஒன்றில் ரிங்கு சிங்கும் ஜோஷ் பெல்லும் ஒன்றாக இருந்தார்கள். ஒருவர் 5 மில்லியன் டாலர் பெற்றவர். மற்றவர் நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை பேஸ்பாலைத் தொட்டே பார்க்காதவர். இருவருக்கும் ஒரே சீருடை. ஒரே பேருந்தில்தான் ஊர் ஊராகப் பயணம்.

அந்தப் பேருந்தில் இருந்த பெரும்பாலோருக்கு மில்லியன் எதுவும் கிடைத்ததில்லை. 2021ஆம் ஆண்டுக்கு முன்பு, மைனர் லீக்கின் கீழ்ப்படிகளில் ஆடியவர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளம் வாரத்திற்கு 290 டாலர். அதுவும் ஆட்டப் பருவத்தில் மட்டும். எஞ்சிய மாதங்களில் வேறு வேலை பார்ப்பார்கள். ஓர் அடுக்குமாடி வீட்டில் பலர் சேர்ந்து தங்கி, தரையில் மெத்தை போட்டுப் படுத்தவர்களும் உண்டு. 2022 முதல் அணிகளே தங்குமிடம் கொடுக்கின்றன. 2023இல் ஆட்டக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து தங்கள் முதல் கூட்டு ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். அல்டூனா நிலையில் ஆடுபவருக்கு ஆண்டுக்கு 13,800 டாலராக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 30,250 டாலராக உயர்ந்தது. என்னைக் கேட்டால், அந்த ஆண்டின் மிகச் சிறந்த செய்தி அதுதான். நான் படித்த விளையாட்டுப் பக்கங்களில் அது ஒரு சிறு கட்டத்துக்குள் இருந்தது.

அல்டூனாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது ரயில் நகரம். அருகே குதிரை லாடம் போல் வளையும் ஒரு புகழ்பெற்ற ரயில்பாதை இருக்கிறது. அதனால் அணியின் பெயரே 'வளைவு' என்று பொருள்படும் 'கர்வ்'. திடலின் வலப்பக்கச் சுவருக்குப் பின்னால் ஒரு கேளிக்கைப் பூங்காவின் ரோலர் கோஸ்டர் தெரியும். இப்போது மைனர் லீக் ஆட்டங்களையும் கைத்தொலைபேசியில் பார்க்க முடிகிறது. அங்கு ஆட்டம் நடக்கும்போது என் கண் சிலசமயம் அந்த ரோலர் கோஸ்டரைத் தேடிப் போய்விடும்.

ரிங்குவும் பெல்லும் சேர்ந்திருந்த நாள்கள் அதிகமில்லை. அதே பருவத்தில் பெல்லுக்கு முழங்காலில் காயம். பதினைந்து ஆட்டங்களோடு அந்த ஆண்டு அவருக்கு முடிந்தது. மறு ஆண்டு ரிங்குவுக்கு முழங்கையில் அறுவை சிகிச்சை. பெல் மீண்டும் எழுந்து வந்தார். ரிங்கு பல ஆண்டுகள் முயன்றும் காயங்கள் விடவில்லை. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது, "நம்ம பையன் திரும்பி வந்துட்டானா?" என்று கேட்பார். ரிங்கு திரும்பவில்லை. 2018இல் அவர் தொழில்முறை மற்போருக்குப் போய்விட்டார். அந்தச் செய்தியை அப்பாவிடம் காட்டினேன். படத்தில் இருந்த தோள்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கான்" என்றார்.

ஜோஷ் பெல் பிட்ஸ்பர்க்கை அடைய ஐந்து ஆண்டுகள் ஆயின. இடையில் அவர் ஆடும் இடத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வெளித்திடலில் நின்றவர் முதல் பேஸில் நிற்கக் கற்றுக்கொண்டார். 2016 ஜூலை 8ஆம் தேதி அவர் மேஜர் லீக்கில் முதன்முதலாக ஆடினார். மறுநாள், மாற்று மட்டையாளராக இறங்கி, எல்லா பேஸ்களிலும் ஆள் நிற்கும்போது ஹோம் ரன் அடித்தார். ஒரே அடியில் நான்கு ஓட்டங்கள். எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கத்திய சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்.

எல்லாருக்கும் இவ்வளவு காலம் ஆவதில்லை. 2023இல் பைரேட்ஸ் முதலாவதாகத் தேர்ந்தெடுத்த பால் ஸ்கீன்ஸ் ஓர் ஆண்டுக்குள், 2024 மே மாதமே, பிட்ஸ்பர்க்கில் பந்தெறிந்தார். அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகம் என்ற விருதையும் பெற்றார். அவருடைய ஆட்டத்தை நானும் வியந்து பார்க்கிறேன். ஆனால், அவரைக் காத்திருந்து பெற்றதாகத் தோன்றவில்லை. தேர்வான வேகத்திலேயே வந்து நின்றுவிட்டார்.

என் கவனத்தைவிட்டு நீங்காத இன்னொருவர், பைரேட்ஸ் சீருடையை அணியாமலே போனவர். 2012இல் அவர்கள் எட்டாவது இடத்தில் தேர்ந்தெடுத்த மார்க் அப்பெல். அந்த ஆண்டு முதல் அணிகள் செலவிடும் தொகைக்குப் புதிய கட்டுப்பாடு வந்திருந்தது. பைரேட்ஸ் 3.8 மில்லியன் டாலர் கொடுக்க முன்வந்தது. அப்பெல் அதை மறுத்துவிட்டு ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பினார். மறு ஆண்டு ஹூஸ்டன் அணி அவரை எல்லாருக்கும் முதலாவதாகத் தேர்ந்தெடுத்து 6.35 மில்லியன் டாலர் கொடுத்தது. பேரம் அவருக்குச் சாதகமாக முடிந்தது என்றார்கள். அதன்பின் அவர் கை வலித்தது, ஆட்டம் சரிந்தது, வேறோர் அணிக்கு மாற்றப்பட்டார். 2018இல், மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியாமல், ஆட்டத்திலிருந்தே விலகினார். அவருக்கு அடுத்து இரண்டாவதாகத் தேர்வான கிரிஸ் பிரையன்ட் அதற்குள் தம் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதையே வாங்கியிருந்தார்.

2021இல் அப்பெல் மீண்டும் மைனர் லீக்கிற்கு வந்தார். அந்தப் பெயரை எண்களின் நடுவே பார்த்ததும் நான் இரண்டு முறை படித்தேன். 2022 ஜூன் 29ஆம் தேதி, பிலடெல்ஃபியா அணிக்காக, ஒன்பதாவது இன்னிங்ஸில் அவரைப் பந்தெறிய அழைத்தார்கள். அவருக்கு அப்போது வயது முப்பது. முதலாவதாகத் தேர்வாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓட்டம் எதுவும் கொடுக்காமல் அந்த இன்னிங்ஸை முடித்தார். அவருடைய அணி அந்த ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தது. இருந்தும் பார்வையாளர்கள் கைதட்டினார்கள்.

இங்கு மறுநாள் காலை, ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டே அந்தக் காணொளியைப் பார்த்தேன். இறங்க வேண்டிய நிலையம் வந்தது. கதவு திறந்து மூடியது. நான் அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொண்டேன்.