விவசாயிக்குப் புத்தி இல்லையாம்

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ரசிகர்களுக்கு டிராகனை விட அட்டவணைதான் முக்கியம். 2024 செப்டெம்பரில் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் புதிய பதிப்பு வந்தது. 384 பக்கம். வந்த கையோட ரசிகர்கள் பிடிச்ச சண்டைகளில் ஒன்று, ஒரு பாத்திரத்துக்கு மூன்றே மூன்று புள்ளி எங்கேயிருந்து வருது என்பதைப் பற்றினது.

விளையாடாத ஆக்களுக்காகச் சுருக்கமா: ஒருவர் கதையை நடத்துவார், மற்றவை ஆளுக்கொரு பாத்திரமா அதுக்குள்ள போவினம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், லாவகம், உடலுறுதி, புத்தி, விவேகம், வசீகரம் என்று ஆறு எண்கள். 2014 பதிப்பில் பிறப்புத்தான் இந்த எண்களைக் கூட்டித் தந்தது. குள்ளராகப் பிறந்தால் உடலுறுதியில் 2 கூட, பாதி ஓர்க்காகப் பிறந்தால் பலத்தில் 2 கூட. 2016இல் வந்த துணைநூல் ஒன்றில் ஓர்க்குகளுக்குப் புத்தியில் 2 குறைவு. பிறக்கும்போதே குறைவு! 2020இல்தான் அதை எடுத்தார்கள். புதிய நூலில் 'ரேஸ்' என்ற சொல் போய் 'ஸ்பீஷீஸ்' வந்திட்டுது. புள்ளிகளும் பிறப்பை விட்டுப் பின்னணிக்கு மாறியாச்சு. அதாவது, சாகசத்துக்கு வெளிக்கிட முதல் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது.

இதில ஒரு பகிடி இருக்கு. ஹொஸ்டலில் நாங்கள் ஐந்து பேர் தமிழில்தான் விளையாடுறம். ரேஸ் எண்டாலும் இனம்; பள்ளிக்கூட உயிரியலில் ஸ்பீஷீஸ் எண்டாலும் இனம். அமெரிக்காவில் அவ்வளவு யோசிச்சு மாத்தின சொல் எங்கட மேசையில் மாறவேயில்லை. அதே பாடத்தில் ஜீனஸுக்குச் 'சாதி' எண்டு படிச்சதை ஒருத்தன் ஞாபகப்படுத்தினான். சிரிச்சம். பிறகு கொஞ்ச நேரம் ஒருத்தரும் சிரிக்கேல்ல.

சரி, பின்னணிக்கு வருவம். மொத்தம் 16. ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று திறன்கள். அந்த மூன்றுக்குள்தான் புள்ளிகளைப் பிரிக்கலாம். பிரபுவுக்குப் புத்தி இருக்கு. எழுத்தருக்கும் இருக்கு. விவசாயிக்குப் பலம், உடலுறுதி, விவேகம். புத்தி இல்லை.

நான் மந்திரவாதி. மந்திரவாதிக்கு எல்லாமே புத்தியில்தான் ஓடுது. எனக்கு விவசாயிப் பின்னணிதான் வேணும், ஏனென்டா அப்பா கிளிநொச்சியில் வயல் செய்யிறார். ஏக்கருக்கு எவ்வளவு விதைநெல், வெட்டு மெசின் வாடகை எவ்வளவு, ஈரப்பதம் எண்டு சொல்லி வியாபாரி எத்தனை கிலோ கழிப்பான் எல்லாத்தையும் தாள் இல்லாமல் கணக்குப் பார்க்கிற மனிசன்.

"விவேகம் இருக்குத்தானே, அதுதானே விவசாயிக்கு முக்கியம்" எண்டான் ஒருத்தன். கிராமத்து ஆக்களைப் பாராட்டுறதா நினைச்சுச் சொல்லுற கதை இது. கம்பஸுக்கு வந்த நாளில இருந்து கேட்கிறன். "ஒரு புள்ளிக்கு ஏன்டா இவ்வளவு?" எண்டான் இன்னொருத்தன். கணக்குப்படி அவன் சொன்னது சரிதான். மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருந்தால், புத்தியில் 17 உள்ள மந்திரவாதிக்கும் 15 உள்ளவனுக்கும் இருபது பக்கக் கட்டையில் வித்தியாசம் ஒன்றே ஒன்று, நூற்றுக்கு 5.

பிறப்பை எடுத்தது நல்ல மாற்றம்தான், அதில எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எடுத்த இடத்தில் தொழிலைக் கொண்டுவந்து வைச்சிருக்கினம். அந்த நவம்பரில் வந்த அடுத்த நூலில், கதை நடத்துறவர் விரும்பினால் புதுப் பின்னணி உருவாக்கலாம் எண்டு வழி விட்டிருக்கு. எங்கட கதையை நடத்துற நண்பி பேனையை எடுத்து, "எதை வெட்டிப் புத்தி போட? பலத்தையா?" எண்டாள்.

"பலத்தில கை வைக்காதை, நெல் மூட்டை ஆர் தூக்கிறது?" எண்டன்.

விவேகத்தை வெட்டினம்.