சும்மா நிற்கிற கை

விழா வாசலில் விருந்தாளிகள் காரிலிருந்து இறங்கும்போது, பறையோடு நிற்கும் எங்களிடம் "கொஞ்சம் ஜோரா அடிங்க" என்பார்கள். எங்கள் பக்கத்துச் செஞ்சிக்கோட்டைக்கு 2025இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபிறகு இப்படிக் கூப்பிடுவது கூடியிருக்கிறது. மேடைக்கு வேறு ஆட்கள். ஜோர் என்றால் கூப்பிடுகிறவர்களுக்கு வேகம்.

என் வாத்தியார் வேகத்தை மதிக்காதவர். வலக்கை அடிக்குச்சி எவனுக்கும் வந்துவிடும், இடக்கைச் சுண்டுக்குச்சிதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பார். சாவுக்கு அடிக்கும் அடியில் ஓரிடத்தில் இடக்கை நிற்க வேண்டும். குச்சியைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது; தோலில் படிந்தபடி ஓசையில்லாமல் கிடக்க வேண்டும், கால் மட்டும் நடக்கும். எனக்கு அது வருஷக்கணக்கில் வரவில்லை. அந்த இடம் வந்தாலே கை பதறி ஒரு சில்லடி விழும். "சும்மா நிக்க பயமாடா?" என்று முதுகில் ஒரு போடு போடுவார்.

அவர் நின்று காட்டியவர். பழைய தென்னார்க்காட்டில் காட்டுமன்னார்கோவில் இளையபெருமாள் அய்யா போன்றவர்கள் சாவுக்குப் பறையடிக்காதே என்று சொல்லிவந்த காலம். வாத்தியாரும் ஒரு பெரிய வீட்டுச் சாவுக்குப் போகமாட்டேன் என்றார். கூலியாக வந்த களத்து நெல் நின்றது. எனக்குத் தெரிந்து பறை நடத்திய முதல் போராட்டமே அடிக்காமல் இருந்ததுதான். மேடையேறியது பிறகு. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுப் பிள்ளைகள் கிட்டாரோடு பறையையும் சேர்த்துப் பாடினார்களே, அதெல்லாம் நேற்று.

அக்கா மகன் போனில் ஒரு ஜாஸ் போட்டுக் காட்டினான். கறுப்பின டிரம்மர் மேக்ஸ் ரோச் 1960இல் செய்த 'வீ இன்சிஸ்ட்'. அதில் ஒரு பகுதிக்கு அவருடைய டிரம்ஸும் ஆபி லிங்கன் குரலும் மட்டும்தான், சொல்லே கிடையாது. தொடக்கத்தில் குரலுக்குப் பதில் சொல்வதுபோல விட்டுவிட்டு அடிக்கிறார். அப்புறம் அந்தம்மா அலறுகிறார். புது மாதிரி சோதனை என்றான் பையன். ஒப்பாரிக்குப் பக்கத்தில் நின்று அடித்தவனுக்கு இதில் என்ன புதுசு? அந்த ஆளுக்கும் முதுகில் அடித்துச் சொல்லிக்கொடுத்த எவரோ இருந்திருப்பார்.

இப்போது போராட்டத்துக்கு வரும் பிள்ளைகளிடம் கோபம் இருக்கிறது, பைபர் பறையும் இருக்கிறது. தோலைக் காய்ச்ச வைக்கோல் தீ வேண்டாம், நட்டைத் திருகினால் போதும். எடுத்த எடுப்பிலேயே உச்சிக்குப் போகிறார்கள். கல்யாண ஊர்வலத்துக்கும் அதே அடி, போலீஸ் எதிரிலும் அதே அடி. கேட்டால், "ரீல்ஸ்ல அதான் பெரியப்பா ஓடுது." பயிலரங்கில் வாரக்கடைசியிலேயே சான்றிதழ் வேறு.

அந்த இடக்கையை நான் காசில்லாமல் சொல்லித்தருவேன். போன மாசியில் மயானக் கொள்ளை முடிந்து ஒருவன் வந்தான். குச்சியைத் தோலில் படியவைத்து நிற்கச் சொன்னேன். கொஞ்சநேரம் நின்றுவிட்டு, வீடியோ எப்போது எடுக்கலாம் என்றான்.