எழுபது வளைவுகளும் ஒரு செம்புக் கம்பியும்

நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறுகிறவர்கள் 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. பஸ் பிரயாணிகளுக்கு அது தலைசுற்றலின் கணக்கு. எங்களுக்கோ அந்த வளைவுகள் வைத்தியம் செய்தன.

வியாதி என் மோட்டார் சைக்கிளுக்கு. 2 மாத காலமாக அது நினைத்தபோது நின்று, நினைத்தபோது ஓடிற்று. பட்டறைக்குக் கொண்டுபோனால் பரம சாதுவாகிவிடும். புதிய பாட்டரி போட்டார்கள். பணம் போயிற்று, வியாதி போகவில்லை. மின்சாரக் கோளாறுகளில் அடியோடு செத்துப் போனது நல்ல ஜாதி, தேடினால் அகப்பட்டுவிடும். வந்து வந்து போவதுதான் பொல்லாதது. தேடுகிற சமயத்தில் அது இருப்பதேயில்லை.

மலையேறத் தொடங்கிய சிறிது தூரத்திலேயே, இடப்பக்கம் திரும்பும் வளைவொன்றில் இன்ஜின் மூச்சை நிறுத்திற்று. ஹாண்டிலை நேராக்கியதும் தானே உயிர் வந்தது. அடுத்த வலப்பக்க வளைவில் ஒன்றுமில்லை. அதற்கடுத்த இடப்பக்க வளைவில் மறுபடியும் மூர்ச்சை! ஒரு புறம் பள்ளம், பின்னால் பஸ்.

"அத்தான், இன்ஜின் நிற்கும்போது ஹார்னை அழுத்திப் பாருங்கள்" என்றான் பின்னாலிருந்த மைத்துனன்.

அழுத்தினேன். ஹார்னும் ஊமை. இது பெரிய துப்பு. இன்ஜின் மட்டும் நின்றால் பிளக், காயில் என்று சந்தேகிக்கலாம். எல்லாம் ஒருங்கே நின்றால், எல்லாவற்றுக்கும் பொதுவான பாதையில்தான் குற்றம்: பாட்டரியின் முனை, பியூஸ், சாவி ஸ்விட்ச், இவற்றை இணைக்கும் ஒயர். பாட்டரி இளைத்திருந்தால் ஹார்ன் ஈனஸ்வரத்திலாவது முனகியிருக்கும். நம் நாட்டில் சாலையின் இடப்புறமாகப் போகிறோமாதலால், இடப்பக்க வளைவு மிகக் குறுகியது. ஹாண்டிலைக் கடைசி வரை ஒடித்தாக வேண்டும். ஊருக்குள் அப்படி ஒடிக்க வேலையே இல்லை. பட்டறையில் அது சாதுவாயிருந்த ரகசியம் இப்போது விளங்கிற்று.

அதன் பிறகு இடப்பக்க வளைவுதோறும் மைத்துனன் இறங்கி, முன்னே நடந்து, எதிரே வரும் வண்டிகளுக்குக் கை காட்டினான். பாதி மலையைத் தான் காலால் ஏறியதாக இன்றைக்கும் சொல்லிக் கொள்கிறான்.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்த வில்லாளியைப் புறநானூறு பாடுகிறது. எங்கள் குறி ஒரே ஒரு கம்பி! டீக்கடை வாசலில் சாவியைத் திருப்பினோம். பச்சை விளக்கு எரிந்தது. ஹாண்டிலை மெள்ள இடப்பக்கம் ஒடித்தேன், விளக்கு அணைந்தது. அப்படியே பிடித்துக்கொண்டேன். ஹாண்டில் தண்டினருகே வளையும் ஒயர்களை மைத்துனன் ஒவ்வொன்றாக விரலால் நெருடினான். ஒன்றைத் தொட்டதும் விளக்குக் கண் சிமிட்டிற்று. மேலுறைக்கு ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே செம்பு இழைகள் அறுந்து, அந்த இடம் துணிபோல் துவண்டது. பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கெட்ட பகுதியை வெட்டி, வேறொரு துண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றினோம். இம்முறை சற்றுத் தளர்வாகவே விட்டோம். ஊர் திரும்பியதும் பற்றவைத்துக் கொள்ளலாம்.

அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கை அருவியில் நனைந்து மீண்டதில் பொழுது சாய்ந்துவிட்டது. ஏறும்போது வலமாயிருந்த வளைவெல்லாம் இப்போது இடமாயிற்று. முன்விளக்கின் ஒளி பாறைமேல் வழுக்கி, பள்ளத்து மரங்களின் உச்சியைத் தடவி, மறுபடி சாலைக்கு வந்தது. ஒரு தடவைகூட இமைக்கவில்லை.

முதல் இடப்பக்க வளைவு நெருங்கியபோது மைத்துனன் பழக்க தோஷத்தால், "இறங்கட்டுமா, அத்தான்?" என்றான்.