சேர்ந்து வரும் நஞ்சு

ஜீப்ரா மீனின் முட்டை கண்ணாடிபோலத் தெளிந்தது. கருவுற்ற ஒரே நாளில் உள்ளே இதயம் துடிப்பதை நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். கங்கைச் சமவெளி ஓடைகளின் மீன், இன்று உலகத்து ஆய்வகங்களில் வளர்கிறது. அந்தக் கருக்களைக் காட்மியம் கலந்த நீரில் இட்டு, கதிர்வீச்சுக்கும் உட்படுத்திப் பார்க்கிறார்கள். ஒன்றும் ஒன்றும் எப்போதும் இரண்டாவதில்லை. சில அளவுகளில் சேதம் கூட்டுத்தொகையை மிஞ்சுகிறது. சிலவற்றில், விந்தையாக, ஒன்று மற்றதைத் தணிக்கிறது.

கருப்பொருள் பாடம் நடத்துகிறவளுக்கு இதில் அதிர்ச்சியில்லை. நெய்தலில் நீரும் மீனும் பறவையும் தொழிலும் தனித்தனியாக நிற்பதில்லை. அரசு வரம்புகள்தான் பெரும்பாலும் காட்மியத்துக்கு ஒன்று, கதிர்வீச்சுக்கு ஒன்று என்று பிரிந்து நிற்கின்றன. வயிற்றுப் பிள்ளைக்கு நஞ்சு வரிசையில் நின்றா வருகிறது?

யாரிடம் கேட்பது இதை? 1950களில் இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர், புற்றுநோயில் இறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் கேட்டார். கர்ப்பத்தில் வயிற்றை எக்ஸ்ரே எடுத்தவர்கள் அவர்களில் கூடுதலாக இருந்தார்கள். தாய்மாரின் நினைவை நம்ப முடியாது என்றது மருத்துவ உலகம். 1962இல் அமெரிக்காவில் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டிய ஆய்வும் அதையே சொன்னது. இன்று எங்கள் பக்கம் வந்து கேட்டால் எக்ஸ்ரேயோடு நிறுத்தமாட்டார்கள். கிணற்று நீரையும், பழைய பேட்டரி உருக்கும் பட்டறையின் புகையையும் சேர்த்தே சொல்வார்கள்.