ஸ்க்ரூ உள்ள வரை நேரு பிளேஸ்

கம்பெனிகள் எதை எடுத்தாலும் அதைத் தனியாக விற்றுப் பிழைத்துவந்த தில்லிச் சந்தைக்கு, பசை ரூபத்தில் வந்திருக்கிறது சோதனை

நேரு பிளேஸ் மெட்ரோ நிலையத்திலிருந்து சந்தைக்குள் நுழைபவரின் தோளில் ஒரு கறுப்புப் பை தொங்கினால் போதும். ஐம்பது அடி நடப்பதற்குள் நாலு பேர் வந்து நலம் விசாரிப்பார்கள். அவருடைய நலத்தை அல்ல, பைக்குள் இருப்பதன் நலத்தை. ஸ்கிரீனா, பேட்டரியா, கீபோர்டா? பதில் சொல்லாமல் நடந்தாலும் விடமாட்டார்கள். தண்ணீர் கொட்டிவிட்டதா என்று ஐந்தாவது ஆள் கேட்பார், துக்கம் விசாரிக்கும் குரலில். எந்த நோயைச் சொன்னாலும் மருந்து ஒன்றுதான்: "ஹோ ஜாயேகா." ஆகிவிடும். எப்போது ஆகும், எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் மாடிக்குப் போன பிறகு.

தெற்கு தில்லியில் கால்காஜி கோயிலுக்கும் தாமரைக் கோயிலுக்கும் பக்கத்தில் இருக்கிறது நேரு பிளேஸ். எழுபதுகளில் தில்லி வளர்ச்சி ஆணையம் இதைக் கட்டியபோது மனதில் இருந்தது கௌரவமான அலுவலக வளாகம்: நடுவில் வண்டிகள் வராத கல் பாவிய முற்றம், சுற்றிலும் அடுக்குமாடிகள். 1984ல் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதிக் கெடுபிடிகளைத் தளர்த்திய பிறகு, இங்கே கம்ப்யூட்டர் கடைகள் பெருகின. பெட்டி ஒரு கடை, மதர்போர்டு ஒரு கடை, மானிட்டர் ஒரு கடை என்று வாங்கிச் சேர்த்து 'அசெம்பிள்டு' கம்ப்யூட்டர் செய்துகொடுக்கும் கலை வளர்ந்தது. ஆணையம் எதிர்பார்த்தது ஆபீஸ்களை. வந்து சேர்ந்ததோ ஆபீசில் கெட்டுப்போன சாமான்கள்.

சென்னைக்கு ரிச்சி தெரு, மும்பைக்கு லாமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு என்றால் வட இந்தியாவுக்கு இதுதான். தேவிகா டவர், மோடி டவர், ஹேம்குந்த் சேம்பர்ஸ் என்று கட்டிடங்களுக்குப் பெரிய பெயர்கள் உண்டு. மேகத்தைத் தூது அனுப்பிய காளிதாசனின் காவியப் பெயரிலும் ஒன்று இருக்கிறது: மேக்தூத். தகவலை 'கிளவுடில்' வைக்கலாம் என்று அமெரிக்கக் கம்பெனிகள் கண்டுபிடிப்பதற்குப் பல வருடங்கள் முன்பே நேரு பிளேஸ் அதற்குப் பெயர்ப் பலகை மாட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு விடுமுறை. லேப்டாப்கள் சனிக்கிழமை இரவில்தான் உயிரை விடும் என்பது தில்லிவாசிகளின் அனுபவம்.

கம்ப்யூட்டர் மட்டும்தான் என்று நினைத்து வருகிறவர்களை இடம் ஏமாற்றும். திரைச்சீலையும் சட்டைத் துணியும் மீட்டர் கணக்கில் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கணவர் ஹார்ட் டிஸ்க் பார்க்க மனைவி துணி பார்க்கப் பிரிவதும், இரண்டு மணி நேரம் கழித்து சோலே குல்ச்சா வண்டியருகே சந்தித்து, யார் அதிகம் ஏமாந்தார்கள் என்று கணக்குப் பார்ப்பதும் இங்கே சகஜம்.

ஏமாறாமல் இருக்க சந்தையின் அகராதி தெரிய வேண்டும். 'ஒரிஜினல்' என்றால் விலை அதிகம் என்று பொருள். 'கம்பெனி மால்' என்றால் ஏதோ ஒரு கம்பெனி செய்தது. 'சேம் டு சேம்' என்றால் எழுத்துக்களில் ஒன்றிரண்டு இடம் மாறியிருக்கும். 'காப்பி' என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டால் அவர் யோக்கியர், அந்தக் கடையை விட்டுவிடக் கூடாது.

ஆனால் நேரு பிளேஸின் உண்மையான வியாபாரத் தத்துவம் வேறு. உலகத்துக் கம்பெனிகள் புதுமை என்ற பெயரில் எதை எடுத்துவிடுகின்றனவோ, அதைத் தனியாக விற்பது. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு தபால் உறைக்குள்ளிருந்து லேப்டாப்பை உருவி எடுத்துக் காட்டினார். அரங்கம் கைதட்டியது. உறைக்குள் போவதற்காக டி.வி.டி. டிரைவும் நெட்வொர்க் கேபிள் செருகும் துளையும் அதில் இல்லை. மெலிந்திருப்பதே அழகு என்று மனிதர்களைப் பாடாய்ப் படுத்தியது போதாதென்று கம்ப்யூட்டர்களும் பட்டினி கிடக்க ஆரம்பித்தன. மெலிந்த லேப்டாப்பை வாங்கியவர்கள் வெளியே மாட்டும் டிரைவையும் கேபிள் துளையையும் நேரு பிளேஸில் தனித்தனியாக வாங்கினார்கள். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு அது எந்த உறைக்குள்ளும் போகாது.

2016ல் ஐபோன் 7ல் ஹெட்போன் துளையை எடுத்த ஆப்பிள் கம்பெனி, அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று 'துணிச்சல்'. துளையை அடைக்க இத்தனை துணிச்சல் தேவை என்று அதுவரை உலகுக்குத் தெரியாது. நேரு பிளேஸ் நடைபாதையில் துணிச்சலுக்கு மாற்று மருந்தாக ஒரு குட்டி வயர் வந்தது. 2020ல் அதே கம்பெனி சுற்றுச்சூழலைக் காக்க போன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது. மற்றக் கம்பெனிகள் முதலில் கேலி செய்தன, பிறகு தாங்களும் எடுத்தன. போனின் விலையிலிருந்து மட்டும் யாரும் எதையும் எடுத்ததாகத் தெரியவில்லை. சார்ஜர்கள் இங்கே மாவிலைத் தோரணம் போலத் தொங்குகின்றன.

பத்திரிகையில் வரும் புதுக் கருவிகளை எடைபோடவும் இந்த நடைபாதை ஒரு தராசு. ஒரு கருவிக்கு உறையும் சார்ஜரும் இங்கே தொங்கினால் அது உண்மை. தொங்காவிட்டால் வெறும் செய்தி. 2011 அக்டோபரில் மத்திய அரசு மாணவர்களுக்காக வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட் உலகத்திலேயே மலிவானது என்று கொண்டாடப்பட்டது. 256 எம்.பி. ரேம். அதன் தொடுதிரையைத் தொட்டால் போதாது, அழுத்த வேண்டும். அழுத்திவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். 2016 பிப்ரவரியில் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று நொய்டா கம்பெனி ஒன்று முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. முன்பதிவுக்கு நாடே திரண்டது. நிருபர்களுக்குக் கொடுத்த மாதிரி போன்களில் வேறொரு பிராண்டின் பெயர் மீது வெள்ளை மை பூசப்பட்டிருந்தது என்று செய்தி வந்தது. நேரு பிளேஸின் கடைநிலைக் கடைக்காரர்கூட அந்த விலையில் ஒரு நல்ல பேட்டரி வராது என்று சொல்லியிருப்பார்.

இந்த வகையில் சமீபத்திய வரவு செயற்கை நுண்ணறிவு. சட்டையில் குத்திக்கொண்டு பேசினால் போனே வேண்டாம் என்று சொல்லி, 699 டாலருக்கு 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு 'ஏ.ஐ. பின்' வந்தது. 2025 பிப்ரவரி கடைசியில் அதன் சர்வர்களை நிறுத்திவிட்டார்கள். பத்து மாதத்துக்குப் பிறகு அது வெறும் சட்டை ஊசி. அதற்குள் ஏ.ஐ. என்ற இரண்டு எழுத்து லேப்டாப்பில் தொடங்கி வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் பெட்டிகள் வரை ஒட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு ஏ.ஐ. சர்வர்கள் மெமரி சிப்களைத் தின்று தீர்க்க, 2025ன் கடைசி மாதங்களில் உலகெங்கும் ரேம் விலை ஏறியது. வாஷிங் மெஷினுக்குப் புத்தி வந்ததோ என்னவோ, பழைய ரேமுக்கு மவுசு வந்துவிட்டது.

இவ்வளவும் கீழே நடப்பது. நேரு பிளேஸின் உயிர் மாடியில் இருக்கிறது. 'சிப் லெவல் ரிப்பேரிங்' என்று எழுதிய அறைகளுக்குள் சூடான சாலிடரின் வாசனை. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று கையை விரித்த லேப்டாப் இங்கே மல்லாந்து கிடக்கும். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே ஒரு இளைஞர் மல்டிமீட்டரை வைத்து மின்சாரம் எந்த இடம் வரை வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று அடியடியாகத் தேடுவார். கடுகளவு கபாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும். இறந்துபோன வேறொரு போர்டிலிருந்து அதை எடுத்து, வெப்பக் காற்றால் இளக்கி, இங்கே உட்காரவைப்பார். முழு போர்டு மாற்றும் செலவில் ஒரு சிறு பகுதியில் லேப்டாப் எழுந்து உட்காரும். இந்த வித்தையைப் பெரும்பாலோர் கற்றது கல்லூரியில் அல்ல, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து.

இப்போது கம்பெனிகள் எடுக்க ஆரம்பித்திருப்பது நேரு பிளேஸால் திருப்பி விற்க முடியாத ஒன்றை: ஸ்க்ரூவை. முதலில் ஸ்க்ரூவின் தலையை மாற்றினார்கள். ஐந்து இதழ்ப் பூ போன்ற தலை வைத்தால் யாரும் திறக்க முடியாது என்று நினைத்தார்கள். நேரு பிளேஸ் அதற்கும் ஸ்க்ரூடிரைவர் விற்றது. அடுத்து பேட்டரியைப் பசை போட்டு ஒட்டினார்கள். பசையை இளக்கச் சூடுபடுத்தும் தட்டு வந்தது. பிறகு ரேமை மதர்போர்டோடு சாலிடர் செய்தார்கள். கூடுதல் ரேம் வேண்டுமானால் கூடுதல் லேப்டாப்தான். கடைசியாகச் சில போன்களில் உறுப்புகளுக்கே ரகசிய எண் கொடுத்தார்கள். ஒரிஜினல் ஸ்கிரீனையே இன்னொரு போனிலிருந்து எடுத்து மாட்டினாலும், இது யாரோ என்று போன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. காசு கொடுத்து வாங்கியவர் வீட்டுக்காரரா, குடக்கூலிக்காரரா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

கெடாத சாமானையும் கெட்டதாக அறிவிக்கலாம் என்பதை 2025 அக்டோபர் 14 காட்டியது. அன்றுதான் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் பொதுவாக நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். 2017க்கு முந்திய ப்ராசஸர்களில் ஏறக்குறைய எல்லாமே கம்பெனியின் பட்டியலுக்கு வெளியே. விசிறி சுற்றுகிறது, கீபோர்டு தட்டுகிறது, பேட்டரி நிற்கிறது, ஆனாலும் முதியோர் பென்ஷன் வாங்கும் நிலை. பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் வங்கிக் கணக்கைத் திறப்பதில் ஆபத்து உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த உண்மைக்கு விலையாக நல்ல கம்ப்யூட்டரைத் தூக்கி எறியச் சொல்வதை நேரு பிளேஸ் ஏற்பதில்லை. லினக்ஸ் போட்டுத் தரட்டுமா என்று கேட்கிறது.

தூக்கி எறிந்தால் எங்கே போகும் என்பதற்கும் தில்லியிலேயே விடை இருக்கிறது. யமுனைக்கு அந்தப் பக்கம், 2002ல் நகரின் முதல் மெட்ரோ ஓடிய பாதையிலேயே, சீலம்பூர். நாட்டின் மிகப் பெரிய மின்னணுக் குப்பைச் சந்தைகளில் ஒன்று. செம்புக்காக வயரை எரிப்பதும், உலோகத்துக்காகச் சர்க்யூட் போர்டை அமிலத்தில் முக்குவதும் பல ஆண்டுகளாகப் பதிவான விஷயங்கள். கையுறைகூட இல்லாத ஏழைகளின் நுரையீரல்தான் அங்கே வடிகட்டி. 2022ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையைச் சேர்த்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. மாடி அறையில் பிழைக்கும் ஒவ்வொரு லேப்டாப்பும் சீலம்பூருக்குச் சில வருடங்கள் தாமதமாகப் போகிறது. பெட்டியில் சார்ஜர் வைக்காததைவிட இது பெரிய சுற்றுச்சூழல் சேவை. ஆனால் இதற்கு யாரும் மேடை போட்டுக் கைதட்டுவதில்லை.

நேரு பிளேஸுக்குக் கோயில் கட்டவும் தேவையில்லை. திருட்டு சாஃப்ட்வேர் சி.டி.க்களைக் காய்கறி போலக் கூவி விற்ற காலம் உண்டு; 2010களின் தொடக்கத்தில் அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகத்தின் 'கெட்ட பெயர் எடுத்த சந்தைகள்' பட்டியலில் இதன் பெயரும் இருந்தது. ரிப்பேருக்குக் கொடுத்த லேப்டாப்பில் நல்ல உறுப்பு மாறிப்போய்விடுமோ என்று வாடிக்கையாளர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது சும்மா அல்ல. 2021ல் ஒரு தீ விபத்தின்போது தீயணைப்பு வண்டி நடைபாதைக் கடைகளுக்கு நடுவே திணறிய காட்சி பரவ, தில்லி உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அதே தெற்கு தில்லியில் 2023 ஏப்ரலில் சாக்கேத் மாலில் ஆப்பிள் திறந்த கடையில் இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. வெளிச்சம், சிரிப்பு, குளிர்ச்சி எல்லாம் உண்டு. ஸ்க்ரூடிரைவர் மட்டும் கண்ணில் படாது.

அரசுக்கும் விஷயம் எட்டியிருக்கிறது. பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய 2022ல் மத்திய நுகர்வோர் துறை ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென ஒரு இணையதளமும் வந்தது. போன் போன்ற சாமான்களைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் திட்டம் பற்றி வேறொரு குழு 2025 மே மாதம் அறிக்கை தந்தது. கரண்ட் சிக்கனத்துக்கு ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டுவது போல, திறந்தால் மூட முடியுமா என்பதற்கும் ஒட்டலாம் என்பது யோசனை. மதிப்பெண் போட ஆள் தேவையென்றால் மோடி டவர் மாடியில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இதெல்லாம் யாருக்காக என்று கேட்டால், தேவிகா டவர் பக்கம் பழைய லேப்டாப்கள் அடுக்கிய கடைகளைப் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு கம்பெனி மூன்று வருடம் உபயோகித்துக் கழித்துக்கட்டியவை. பீகாரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ படிக்க வந்த பையன்கள், புதியதன் விலையில் பாதிகூட இல்லாத பணத்தோடு வந்து நிற்பார்கள். கடைக்காரர் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு, அடியில் உள்ள ஸ்க்ரூக்களைக் காட்டுவார்: நாளைக்கு ரேம் போடலாம், பேட்டரி மாற்றலாம், கவலை வேண்டாம். பையன் வாங்கிக்கொண்டு நடப்பான். அவனுக்கு அது புது லேப்டாப்.